குளோன் முடிந்தால் வேலை முடிந்ததா?

விண்டோஸை ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாற்றச் சொல்லித்தரும் வழிகாட்டிகள் நிறையப் பார்த்தாயிற்று. நான் பார்த்தவை எல்லாமே ‘100% முடிந்தது’ என்ற திரையோடு முடிந்துவிடுகின்றன. என் புகாரே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மாமாவின் கடைக் கணினியை அப்படி ஒன்றைப் பார்த்துத்தான் மாற்றிக் கொடுத்தேன். சி டிரைவை மட்டும் நகலெடுத்தேன். "சும்மா பறக்குது மாப்ள" என்றார். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஒரு வாரம் கழித்துப் பழைய டிஸ்க்கைக் கழற்றி, என் கணினியில் மாட்டி முழு ஃபார்மேட் போட்டேன். அதோடு கடைக் கணினி துவங்கவே இல்லை.

யுஇஎஃப்ஐ கணினிகளில் துவக்கக் கோப்புகள் சி டிரைவில் இருப்பதில்லை. இஎஃப்ஐ என்ற சிறிய தனிப் பகுதியில் இருக்கின்றன. அதை நான் நகலெடுக்கவில்லை. ஆக, வாரம் முழுக்க ஓடியது பழைய டிஸ்க்தான். பறந்தது எங்கள் கற்பனை! டாஸ்க் மேனேஜரைத் திறந்திருந்தாலே எந்த டிஸ்க் வேலை செய்கிறது என்று தெரிந்திருக்கும். பிஈ படித்தவன், செய்யவில்லை.

எஸ்எஸ்டியில் அந்தப் பகுதியை உருவாக்கி, பிசிடிபூட் கட்டளை கொடுத்ததும் கணினி எழுந்துவிட்டது. அந்த வாரத்துக் கணக்கு மட்டும் போனது போனதுதான்.

வழிகாட்டிகளில் சேர வேண்டியது ஒரே வரி: நகலெடுத்ததும் கணினியை அணைத்து, பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, எஸ்எஸ்டியை மட்டும் வைத்துத் துவக்கிப் பாருங்கள். பழையதை ஒரு மாதமாவது தொடாதீர்கள்.

மாமா இப்போ ஒரு நோட்டிலும் கணக்கு எழுதுகிறார்.