"தடுப்பூசி போட்டாச்சா?" – தப்பான கேள்வி

அக்கா மகன் மேற்படிப்புக்கு அமெரிக்கா போகிறான். சேரப்போகும் பல்கலைக்கழகத்தின் தடுப்பூசிப் படிவத்தில் ஒரு வரி: மெனிஞ்சைடிஸ் தடுப்பூசி, ஆம்/இல்லை. ஊசி போட்டு, டிக் அடித்து, "அந்த வேலை முடிஞ்சுதுடா தம்பி" என்றாள் அக்கா. முடியவில்லை. அதற்காகத்தான் இந்தக் குறிப்பு.

வழக்கமாகப் போடும் ஊசி மெனிங்கோகாக்கஸ் பாக்டீரியாவின் ஏ, சி, டபிள்யூ, ஒய் என்ற நான்கு வகைகளுக்கு மட்டும். பி வகைக்கு அது உதவாது. 2013-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பரவியது அந்த பி வகைதான். மொத்தம் 9 பேருக்கு வந்தது. ஒன்பதாவது ஆள் அங்கே படித்தவரே இல்லை. பிரின்ஸ்டன் மாணவர்களோடு பழகிய ட்ரெக்செல் பல்கலைக்கழக மாணவி. 2014 மார்ச்சில் இறந்துபோனார். பி வகை ஊசிக்கு அப்போது அமெரிக்காவில் உரிமம் இல்லை. தனி அனுமதியில் வரவழைத்து, 2013 டிசம்பரில்தான் போட ஆரம்பித்தார்கள்.

இன்று அந்த ஊசி கிடைக்கிறது. ஆனால் எல்லோருக்கும் கட்டாயமில்லை. 16 முதல் 23 வயதுக்காரர்கள் டாக்டரோடு பேசி முடிவு செய்யலாம் என்கிறார்கள். நோய் அரிது, அதனால் அந்த நிலைப்பாட்டில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் பி என்று ஒன்று இருப்பதையே படிவம் சொல்லாவிட்டால், டாக்டரிடம் யார் போய்ப் பேசுவது? எங்கள் தொழில் பாஷையில், ஐந்து விடை வரவேண்டிய இடத்தில் வெறும் ஆம்/இல்லை ஃபீல்டு. சுத்த டிசைன் கோளாறு.

"மத்த பசங்க போட்டிருப்பாங்களே, போதாதா?" என்றாள் அக்கா. போதாது. தெற்கு ஆஸ்திரேலியாவில் சுமார் 35,000 பள்ளி மாணவர்களை வைத்து 2017-இல் தொடங்கிய ஆய்வில், பி ஊசி தொண்டையில் கிருமி குடியிருப்பதைக் குறைக்கவில்லை. போட்டுக்கொண்டவருக்கு மட்டும்தான் கவசம்.

ஹாஸ்டல் துண்டுப்பிரசுரங்களும் "தண்ணீர் பாட்டிலைப் பகிராதே" என்பதோடு நின்றுவிடுகின்றன. 1997-இல் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களின் தொண்டையைச் சோதித்தார்கள். முதல் நாள் 6.9 சதவீதம் பேரிடம் இருந்த கிருமி, நான்காம் நாள் 23.1 சதவீதம் பேரிடம். பார், சிகரெட், முத்தம் ஆகியவற்றோடு இதற்குத் தொடர்பு தெரிந்தது. கிருமி இருந்தாலே நோய் வந்துவிடாதுதான். ஆனால் எச்சரிக்கை வேண்டியது முதல் வாரத்தில். பிரசுரம் அதைச் சொல்வதில்லை.

மருமகனிடம் நான் சொன்னது இரண்டே: பி ஊசி பற்றி டாக்டரிடம் கேள். காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ, கண்ணாடி டம்ளரால் அழுத்தியும் மறையாத தடிப்பு வந்தாலோ, "தூங்கி எந்திரிச்சா சரியாயிடும்"னு படுக்காதே. அப்பவே எமர்ஜென்சிக்குப் போ. சில மணி நேரத்தில் ஆளையே சாய்த்துவிடும் நோய் இது.