வாடைக்கு முதுகு காட்டும் கூடு

மார்கழியில் விடிகாலை ஐந்தரை மணிக்கு, தாம்பரத்தை அடுத்த எங்கள் மாடம்பாக்கத்தில் ஏரிப் பக்கமிருந்து பனி இறங்கித் தெருவிளக்கெல்லாம் மங்கிக் கிடக்கும். தேனுபுரீஸ்வரர் கோவில் பக்கமிருந்து பாட்டு கேட்கும். வாசலில் கோலம் போட்டு முடித்த கையோடு நேராகக் கொல்லைப்புறம் போவேன். கூட்டுக் கதவை உடனே திறக்க மாட்டேன். முதலில் காது கொடுத்துக் கேட்பேன். தும்மல் இல்லை, கரகரப்பு இல்லை. ஒன்பது பெட்டைகளும் ஒரு சேவலும் தொண்டைக்குள்ளேயே ஏதோ பேசிக்கொள்ளும் அந்தச் சன்னமான ‘குர்ர்’ மட்டும் கேட்கும். அதைக் கேட்டால்தான் எனக்குக் காபியே இறங்கும்.

‘தாம்பரத்தில் என்ன பெரிய குளிர்?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். சென்னையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரி. ஆனால் நம்முடைய குளிர்காலம் தண்ணீரில் நனைந்த குளிர்காலம். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூரும் வரதராஜபுரமும் வெள்ளத்தில் பட்ட பாடு இந்தப் பக்கத்தில் யாருக்கும் மறக்காது. ஐப்பசியில் தொடங்கும் அடைமழை, கார்த்திகைப் புயல், மார்கழிப் பனி, தைக் குளிர் என்று நான்கு மாதம் கொல்லைப்புறம் காயவே காயாது. இந்த நான்கு மாதத்தையும் கோழிகள் சுகமாகக் கழிக்க வழி தெரிந்த நாளிலிருந்து, பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

முதல் வருஷம் எனக்கு ஒன்றும் தெரியாது. மழை பிடித்ததும் பதறிப்போய் நீலத் தார்ப்பாய் வாங்கிக் கூட்டை நான்கு பக்கமும் இறுக்கிக் கட்டினேன். குழந்தைக்குப் போர்த்திவிட்ட மாதிரி மனசுக்கு நிம்மதியாக இருந்தது. நான்காம் நாள் காலையில் தார்ப்பாயை விலக்கியதும் கண்ணில் நீர் வரும் அளவுக்கு நெடி. உள்பக்கமெல்லாம் வேர்வை பூத்துச் சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பெட்டைகள் வாயைத் திறந்து மூச்சு வாங்கின. ஒரு வாரத்தில் இரண்டையும் இழந்தேன்.

எதிர்வீட்டு ஆயாதான் வந்து பார்த்தார். ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த காலத்து மனுஷி. கூட்டுக்குள் தலையை விட்டு மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “குளுருக்குத்தான் அது ஒடம்பு பூரா போத்திக்கினு இருக்குதேம்மா. நீ எதுக்கு அது மேல இன்னொண்ணு போத்தற? குளுரு ஒண்ணும் பண்ணாது. ஈரந்தான் ஆவாது. மூச்சு வுட வழி வுடு.”

அந்த ஒரு பேச்சில் எல்லாம் அடங்கிவிட்டது. கோழியின் உடல் வெப்பம் ஏறக்குறைய 41 டிகிரி. நம்மைவிட நான்கு டிகிரி அதிகம். குளிர் ஏறினால் இறகை உப்பிக்கொள்ளும். இறகுக்கும் தோலுக்கும் நடுவில் தங்கும் காற்றுதான் அதன் கம்பளி. இறகு நனைந்தால் அந்தக் கம்பளி போயிற்று. எச்சத்தில் முக்கால் பங்கு தண்ணீர். மூச்சிலும் ஈரம் வெளியேறுகிறது. மூடிய கூட்டில் அந்த ஈரம் எங்கே போகும்? அந்த ஈரத்தில் எச்சம் மக்கி, அமோனியா கிளம்பி நுரையீரலைத் தாக்கும். என் கோழிகளைக் குளிர் கொல்லவில்லை. நான் கட்டிய தார்ப்பாய்தான் கொன்றது.

இதே பாடத்தைத்தான் உறைபனி நாடுகளில் கோழி வளர்ப்பவர்களும் சொல்கிறார்கள் என்று பிறகு படித்து வியந்துபோனேன். கனடாவின் கியூபெக்கில் ஓக்கா மடத்துத் துறவி வில்ஃப்ரிட், 1908-ல் தொடங்கிப் பத்து வருஷம் உழைத்து ஷான்டெக்ளேர் என்றொரு கோழி இனத்தையே உருவாக்கினார். பனியில் கருகிப் போகாதபடி அதற்குக் கொண்டையும் தாடியும் மிகச் சிறியவை. தண்ணீர் உறைகிற அந்த ஊரிலும் கூட்டின் மேல்பக்கம் காற்றுப் போக வழி விடுகிறார்கள். கியூபெக் குளிருக்கும் தாம்பரத்து ஈரத்துக்கும் ஒரே விதி: கோழி உட்காரும் உயரத்தில் காற்று உடம்பில் அடிக்கக் கூடாது, தலைக்கு மேலே காற்று நிற்கக் கூடாது.

அந்த விதியை வைத்துக் கூட்டைப் பிரித்துப் புதிதாகக் கட்டினோம். நம் முன்னோர் காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் வைத்தார்களே, அது எவ்வளவு பெரிய உதவி தெரியுமா? வடக்கே வாடை, கிழக்கே கொண்டல், தெற்கே தென்றல், மேற்கே கோடை. வடகிழக்குப் பருவமழையில் சாரல் வருவது வாடையும் கொண்டலும் வரும் பக்கம். அந்த இரண்டு பக்கமும் கூரைக்கு ஒரு சாண் கீழே வரை செங்கல் சுவர் எழுப்பினோம். சுவருக்கு மேலே கம்பிவலை. தென்றலும் கோடையும் வருகிற பக்கம் முழுக்கக் கம்பிவலை. கூரை இரண்டரை அடி வெளியே நீண்டு சாரலை மறிக்கிறது. வெறும் தகடு போட்டால் மார்கழி விடியலில் உள்பக்கம் வேர்த்து, சொட்டுச் சொட்டாகக் கோழி முதுகில் விழும். அதனால் தகட்டுக்கு அடியில் தென்னங்கீற்று வேய்ந்தோம். சித்திரை வெயிலுக்கும் அதே கீற்றுதான் நிழல்.

இனி என் பெருமைக்குரிய விஷயத்துக்கு வருகிறேன். உமி! நெல் உமி! ஹாலோ பிளாக் அடுக்கி இரண்டடி உயரத்தில் கடப்பாக்கல் பரப்பி, சுண்ணாம்புத் தூள் தூவி, அதன் மேல் ஆறு அங்குலத்துக்கு உமி கொட்டினேன். செங்கல்பட்டுப் பக்கத்து மில்லிலிருந்து மூட்டை மூட்டையாக வந்தது. உமியில் சிலிக்கா அதிகம், அதனால் சீக்கிரம் மக்காது. படகு மாதிரி உள்ளே குழிந்திருப்பதால் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எச்சம் விழுகிறது, கோழிகள் கிளறுகின்றன, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மெல்ல மக்க வைக்கின்றன. மக்கும்போது கொஞ்சம் சூடும் எழும். மழைக்கால இரவில் உமிக்குள் கையை விட்டுப் பாருங்கள், அடுப்படியில் படுத்த பூனை மாதிரி ஒரு கதகதப்பு!

பக்குவம் பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. ஒரு பிடி உமியை அள்ளி இறுக்கிப் பிடித்துவிட்டு விரலைத் திறக்க வேண்டும். உருண்டையாகவே நின்றால் ஈரம் ஏறிவிட்டது. உதிர்ந்து விழுந்தால் சரி. அடுத்து, குந்தி உட்கார்ந்து கோழியின் மூக்கு இருக்கும் உயரத்தில் மூச்சை இழுக்க வேண்டும். நின்றபடி பார்த்தால் நெடி தெரியாது. கொஞ்சம் உறுத்தினாலும் அன்றே கிளறிச் சுண்ணாம்பு தூவிப் புது உமி போட்டுவிடுவேன். மழை மாதங்களில் ஒருநாள் விட்டு ஒருநாள் கிளறல். தண்ணீர்ச் சட்டியைச் சுற்றி நனைந்ததை மட்டும் தினமும் அள்ளி வெளியே போடுவேன். வருஷக் கடைசியில் மொத்த உமியும் முருங்கைக்கும் வாழைக்கும் எருவாகப் போகிறது.

உமிக்கு இரண்டடி மேலே இரண்டு அங்குலப் பருமனில் சவுக்குக் கட்டை, கணுக்களையெல்லாம் செதுக்கி வழவழப்பாக்கியது. இருட்டியதும் ஒவ்வொன்றாக ஏறி வரிசையாக உட்காரும். டார்ச்சை விரலால் மறைத்துக்கொண்டு பார்ப்பேன். முழங்காலை மடக்கியதும் விரல்கள் தானாகவே கட்டையைக் கவ்வும். மார்பு இறகு இறங்கி அந்த விரல்களை மூடிக்கொள்ளும். மெல்லிய குச்சியாக இருந்தால் விரல் நுனி வெளியே நீட்டிக்கொண்டு சில்லிட்டுப் போகும். கறுப்புப் பெட்டை எப்போதும் சேவலை ஒட்டித்தான் உட்காருவாள். தலையைத் திருப்பி முதுகு இறகுக்குள் செருகிக்கொண்டால், எது தலை எது வால் என்றே தெரியாத ஒரு கறுப்புப் பந்து!

ஏறுவதற்கு முன் சாயங்காலம் ஒரு கை கம்பும் உடைத்த மக்காச்சோளமும் போடுவேன். செரிக்கச் செரிக்க இரவு முழுக்க உடம்புக்குச் சூடு கிடைக்கும். கழுத்தடியில் தீனிப்பையைத் தொட்டால் சிறு எலுமிச்சை அளவுக்கு உருண்டு நிற்க வேண்டும். கார்த்திகையில் இறகு உதிர்த்துப் புது இறகு போடும்போது கரையான் கொடுத்தால் அப்படி ஒரு பளபளப்பு வரும். நாள் வெளிச்சம் குறைவதால் அப்போது முட்டையும் குறையும். விளக்குப் போட்டு இட வைக்க எனக்கு மனசு வராது. சிறுவிடை நாட்டுக்கோழிகள்தானே, ஓய்வெடுக்கட்டும்.

நோய்க்கு மட்டும் சமாதானமே கிடையாது. வெள்ளைக்கழிச்சல் வந்தபின் வைத்தியம் தேடுவதில் பயனில்லை, தடுப்பூசிதான் வழி. கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் அதற்கு முகாம் நடத்துகிறது. கொசு கடித்தால் கோழிக்கு அம்மை வரும், ஆகவே கம்பிவலைக்கு மேல் கொசுவலையும் உண்டு. சந்தேகம் இருந்தால் ஜி.எஸ்.டி. சாலையில் கூடுவாஞ்சேரி தாண்டிப் போங்கள். கால்நடை அறிவியல் பல்கலைக்கழகத்தின் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது.

இத்தனைக்கும் பரீட்சை 2023 டிசம்பரில் வந்தது. மிக்ஜாம் புயல். அப்போது இருபது குஞ்சுகளை மூங்கில் கூடைக்குள் பல்பு போட்டு வளர்த்துக்கொண்டிருந்தேன். எல்.இ.டி. வெளிச்சம் தருமே தவிர குஞ்சுகளுக்கு வேண்டிய சூட்டைத் தராது. தாம்பரம் மார்க்கெட்டில் நாலு கடை ஏறி இறங்கி 60 வாட் குண்டு பல்பு வாங்கி வைத்திருந்தேன். முதல் வாரம் 35 டிகிரி, அதன்பின் வாரத்துக்கு மூன்று டிகிரி குறைக்க வேண்டும். தெர்மாமீட்டரைவிடக் குஞ்சுகளே தெளிவாகச் சொல்லும்: பல்புக்கடியில் குவிந்து கீச்சிட்டால் குளிர், ஓரத்துக்கு ஓடினால் சூடு, பரவலாகப் படுத்துத் தூங்கினால் சரி. அன்றைக்குக் கரண்ட் போயிற்று. அட்டைப்பெட்டியில் உமி நிரப்பிக் குஞ்சுகளை வீட்டுக்குள் கொண்டு வந்தேன். சொம்பில் வெந்நீர் ஊற்றி மூடித் துண்டு சுற்றி நடுவில் வைத்தேன். இரண்டு மணிக்கொருமுறை நீரை மாற்றினேன். ஒவ்வொரு முறையும் சூடு திரும்பியதும் சொம்பைச் சுற்றி மஞ்சள் வளையமாகச் சாய்ந்து கண்ணை மூடின. இருபதும் பிழைத்தன.

வெளியே பெரியவை என்ன ஆயினவோ என்று இரவெல்லாம் நெஞ்சு அடித்துக்கொண்டது. விடிந்ததும் முழங்காலளவு தண்ணீரில் நடந்து போனேன். கொல்லை முழுக்க வெள்ளம், கூட்டின் கல்லுக்கு நான்கு விரல் கீழே நின்றிருந்தது. காது கொடுத்தேன். ‘குர்ர்.’ கட்டைக்கு அடியில் கையை விட்டு ஒரு பிடி உமி அள்ளி இறுக்கிப் பிடித்து விரலைத் திறந்தேன். அத்தனை மழைக்குப் பிறகும் பொலபொலவென்று உதிர்ந்து தண்ணீரில் விழுந்து மிதந்தது. எதிர்வீட்டு மாடியிலிருந்து ஆயா, “கோயிங்கள்லாம் கீதாம்மா?” என்று கத்தினார். “பத்தும் பத்திரமா இருக்கு, ஆயா!” என்று நான் போட்ட கூச்சல் தெருக்கோடி வரை கேட்டிருக்கும்.

கோழி வைத்திருக்கிறீர்களா? இந்த ஐப்பசி பிறப்பதற்குள் நான்கு மூட்டை உமி வாங்கி வையுங்கள். தார்ப்பாயை மடித்துப் பரணில் போட்டுவிடுங்கள்.