ஹால்சி ஆல்பத்தில் ஒரு கொரியக் குரல்

அமெரிக்கப் பாடகர் ஹால்சியின் மூன்றாவது ஆல்பம் 'மேனிக்' 2020 ஜனவரியில் வெளியானது. அதில் மூன்று இடைப்பாட்டுகள் (இன்டர்லூட்). டொமினிக் ஃபைக், அலனிஸ் மோரிசெட், பி.டி.எஸ். குழுவின் ராப்பர் சுகா என்று விருந்தினர் பெயரே ஒவ்வொன்றுக்கும் தலைப்பு. தென்கொரியாவின் தேகு நகரில் பிறந்த சுகா, ஆங்கில ஆல்பம் என்பதற்காகத் தன் மொழியைக் கைவிடவில்லை. கொரிய மொழியில்தான் ராப் பாடினார்.

இதற்கு முன்னோடிகள் உண்டு. 1993-இல் நியூயார்க் ராப்பர் குருவின் 'ஜாஸ்மடாஸ்' ஆல்பத்தில் பிரான்ஸின் எம்.சி. சோலார் பிரெஞ்சில் பாடினார். ஆனாலும் பாப் ஆல்பங்களில் வேற்றுமொழி ராப் பெரும்பாலும் இலை ஓரத்து ஊறுகாய்தான். நாலு வரி வந்து போய்விடும். சுகாவின் இடைப்பாட்டான 'சுகாஸ் இன்டர்லூட்' அப்படியல்ல. இரண்டரை நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிற பாட்டுதான். ஆனால் அதற்குள்ளேயே ராப் முழுக்கச் சுகாவுக்கு, பல்லவி ஹால்சிக்கு.

பியானோ பின்னணியில் ஹால்சி உயிரொலிகளை நீட்டி நீட்டிப் பாடுகிறார். அடுத்து வருவது சுகாவின் தணிந்த, சற்றே கரகரத்த குரல், கிட்டத்தட்ட பேச்சு. கொரிய மொழியில் க, ட, ப போன்ற ஒலிகளுக்கு மூன்று வகை உண்டு: இயல்பாகச் சொல்வது, தொண்டையை இறுக்கிச் சொல்வது, மூச்சைத் தள்ளிச் சொல்வது. குரலை உயர்த்தாமலே தாளம் கேட்பதற்கு இந்த மெய்யொலிகளே போதும். அர்த்தம் தெரியாதவர்களும் இதை முதல் தடவையே ரசிக்கலாம்.

இன்னொரு நுட்பத்தைத் தமிழ்க் காது சட்டென்று பிடிக்கும். தமிழைப் போலவே கொரியத்திலும் வினை வாக்கியத்தின் கடைசியில் வரும். ஒரே விகுதி திரும்பத் திரும்ப வருவதால் வரி முடிவில் இயைபு தானாக அமைந்துவிடும். சுலபம் என்பதாலேயே அது சலித்தும் போகும். 2001-இல் கொரிய ராப்பர் வெர்பல் ஜின்ட் தன் 'மாடர்ன் ரைம்ஸ்' தொகுப்பில், விகுதியை நம்பாமல் பல அசைகளைப் பொருத்தி இயைபு கட்டலாம் என்று காட்டினார். கொரிய ராப் அதற்குப் பிறகு வேறு தரத்துக்குப் போனது. அந்தப் பயிற்சியில் வளர்ந்த தலைமுறை சுகாவினுடையது.

அர்த்தம் தெரிந்து கேட்டால் பாட்டு இன்னும் ஆழமாகிறது. கனவுக்கும் நடப்புக்கும் இடையே உள்ள தூரம், புகழ் வந்தபின்னும் தனக்கு என்னதான் வேண்டும் என்று தெரியாத குழப்பம்: இவைதான் பொருள். எல்லாம் கிடைப்பதற்கும் எல்லாவற்றையும் துறப்பதற்கும் நடுவில் அல்லாடுகிறது ஹால்சியின் பல்லவி. அதே கேள்வியைச் சுகா தன் பக்கத்திலிருந்து கேட்கிறார். விடியலுக்கு முந்தைய இருட்டு பி.டி.எஸ்.ஸின் 2014 பாட்டு 'டுமாரோ'விலும் உண்டு. இங்கே அதோடு நட்சத்திரங்களைச் சேர்க்கிறார். இருட்டைக் கடந்தாக வேண்டிய ஒன்றாக மட்டும் பார்க்காமல், ஆசைப்பட்டது கண்ணுக்குத் தெரியும் நேரமாகவும் பார்க்கிறார். ஆறுதல் சொல்லும் இந்த இடத்தில்கூடக் குரல் நெகிழ்ந்து வழிவதில்லை. பாட்டின் கம்பீரமே அதுதான்.

2020 செப்டம்பரில் வந்த, அமெரிக்கப் பாடகர் மேக்ஸின் 'கலர் விஷன்' ஆல்பத்திலும் சுகா விருந்தினர். அதில் அவர் ராப் பாடிய 'புளூபெர்ரி ஐஸ்' மேக்ஸ் தன் மனைவிக்காக எழுதிய காதல் பாட்டு. அங்கேயும் கொரியம்தான், ஆனால் நடையில் துள்ளல், குரலில் சிரிப்பு. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், எந்த ஆல்பத்துக்கு எந்தத் தொனி என்று இந்த ராப்பர் எவ்வளவு கவனமாக அளந்து பாடுகிறார் என்பது தெரியும்.