முத்தையாவின் சென்னை

எஸ். முத்தையாவின் சென்னைப் புஸ்தகத்தை முதல் தடவை படித்தபோது எனக்கு லேசாகக் கோபம்தான் வந்தது. 1981-ல் 'மெட்ராஸ் டிஸ்கவர்ட்' என்று சிறிய நூலாக வெளிவந்து, பதிப்புக்குப் பதிப்பு பருத்து, பிறகு தமிழிலும் 'சென்னை மறுகண்டுபிடிப்பு' என்று வந்திருக்கும் புஸ்தகம் அது. கோட்டை, கிளப்பு, கவர்னர், துபாஷி என்று பக்கம் பக்கமாகப் போகிறதே, இதில் நம்மவர்கள் எங்கே என்று கேட்கத் தோன்றிற்று. இரண்டாம் தடவை படித்தபோது கோபம் தணிந்தது. கேள்வி மட்டும் போகவில்லை.

முத்தையா சரித்திரப் பேராசிரியர் அல்ல, பத்திரிகைக்காரர். அதுவே அவருடைய பலம். ஒரு கட்டிடத்தை அவர் வெறும் செங்கல்லும் சுண்ணாம்புமாகப் பார்ப்பதில்லை. யார் கட்டினார், யாருக்குக் கைமாறிற்று, உள்ளே என்ன வியாபாரம் நடந்தது என்று விசாரித்துக்கொண்டே போகிறார். உண்மையில் இது நாவலாசிரியர்கள் செய்திருக்க வேண்டிய வேலை. நாங்கள் செய்யவில்லை. ஆனால் அவருடைய பலவீனமும் இங்கேதான் இருக்கிறது. எழுதி வைத்தவர்களின் கதைதான் அவருக்குக் கிடைக்கிறது. கம்பெனிக்காரன் எல்லாவற்றையும் எழுதி வைத்தான். சுவர் எழுப்பிய கொத்தனார் எழுதி வைக்கவில்லை.

அவரைச் சுற்றி வளர்ந்த இயக்கத்திலும் இந்தக் குறை தெரிகிறது. 2004-ல் அவரும் நண்பர்கள் இருவருமாக 'மெட்ராஸ் தினம்' கொண்டாட ஆரம்பித்தார்கள். இஷ்டப்பட்டவர்கள் தங்கள் பேட்டையில் ஜனங்களை நடத்திக் கூட்டிப் போய்ப் பழைய கட்டிடங்களைக் காட்டலாம், பேசலாம், படம் வைக்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தத் தினம் எது? 1639 ஆகஸ்டு 22, கம்பெனிக்கு இங்கே இடம் கிடைத்த நாள். திருவல்லிக்கேணிக் கோயிலில் பல்லவன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. அந்தக் கணக்கில் ஊருக்குச் சுமார் எண்ணூறு வயதைக் குறைத்துப் பிறந்த நாள் கொண்டாடுகிறோம்.

ஆயினும் இவர்களை ஏளனம் செய்ய எனக்கு மனமில்லை. பழைய புஸ்தகப் பிரியர்களின் புண்ணிய க்ஷேத்திரமாக இருந்த மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்து போயிற்று. ஊர் பெருமூச்சு விட்டது, அவ்வளவுதான். 1990-களில் கடற்கரைப் போலீஸ் தலைமை அலுவலகத்தை இடிக்க நினைத்தபோது பெருமூச்சு விடாமல் கோர்ட்டுக்குப் போனவர்கள் இருந்தார்கள், கட்டிடம் தப்பிற்று. மவுண்ட் ரோட்டில் 1897-ல் கட்டிய பாரத் இன்ஷூரன்ஸ் கட்டிடத்தை 2006-ல் இடிக்க ஆரம்பித்தபோதும் வழக்குப் போட்டுத்தான் நிறுத்தினார்கள். புராதனக் கட்டிடங்களுக்கென்று மாநிலத்தில் சட்டம் இயற்றியது 2012-ல். அதற்கு வெகு காலம் முன்பே குறுக்கே போய் நின்றவர்கள் இந்தச் சம்பளமில்லாத மனிதர்கள்.

இங்கே என் சங்கதி ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். மயிலாப்பூரில் எங்கள் பாட்டனார் கட்டிய வீடு, முற்றமும் திண்ணையும் தேக்குத் தூண்களுமாக இருந்தது. பங்காளிகள் பதினோரு பேர். அடுக்குமாடி கட்டுகிறவர் நல்ல விலை சொன்னார். எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். நான் ஏழாவது கையெழுத்து. அந்தத் திண்ணையை வைத்து மூன்று கதைகள் எழுதிப் பெயர் வாங்கியவன் நான்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அப்படிப் பழைய கட்டிடம் பார்க்கப் போகும் கூட்டம் ஒன்றோடு நானும் நடந்தேன். கூட்டிப் போன இளைஞர் எங்கள் தெருவில் இரண்டு வீடுகளைக் காட்டி விவரம் சொன்னார். எங்கள் மனைக்கு எதிரே அவர் நிற்கவே இல்லை. எதைக் காட்டி நிற்பார்?

வெள்ளைக்காரன் கட்டியதையே கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்று குற்றம் சொல்ல வந்தவன், சொந்தப் பாட்டனார் கட்டியதைக் காப்பாற்றவில்லை. ஆகையால் முத்தையாவிடம் நான் கண்ட குறையைப் பாதி என் பேரிலேயே எழுதிக்கொள்கிறேன். தஸ்தாவேஜு இல்லாத வீடுகளைப் பற்றி ஒரு புஸ்தகம் தமிழில் வர வேண்டும். 2019-ல் அவர் காலமாகிவிட்டார். அதை எழுத வேண்டியவர்கள் அந்த வீடுகளில் பிறந்தவர்கள்தான்.