காலண்டர் டோர்செட்

டிசம்பரில் இங்கிலாந்தின் டோர்செட் கவுண்டியில் சூரியன் எழக் காலை எட்டு மணியாகிவிடும். குளிர்காலத்தின் நடுப்பகுதியில், சில வாரங்கள் மட்டும், அது உதிக்கும் இடம் தென்கிழக்கில் வெகுவாகத் தள்ளிப்போகிறது. அப்போதுதான் டர்டில் டோர் என்ற சுண்ணாம்புக்கல் வளைவின் துளை வழியே ஒளி பாய்கிறது. அந்த வாரங்களில் வளைவுக்கு மேற்கே இருக்கும் கூழாங்கல் கரையில் விடியுமுன்பே முக்காலிகள் வரிசைகட்டிவிடும். எந்த நாளில், எந்த நிமிடத்தில், எங்கே நின்றால் ஒளி துளைக்குள் விழும் என்பதைக் கைப்பேசிச் செயலியே கணக்கிட்டுச் சொல்லிவிடுகிறது. வந்தவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே படத்தை எடுத்துக்கொண்டு, செங்குத்தான பாதையில் மூச்சுவாங்க ஏறி, கார் நிறுத்துமிடத்துக்குத் திரும்புகிறார்கள்.

‘எல்லாரும் ஒரே படத்தைத்தான் எடுக்கிறார்கள்’ என்பது இங்கிலாந்தின் கவுண்டி நிலக்காட்சிப் புகைப்படக்கலை மீது வழக்கமாக வைக்கப்படும் முதல் குற்றச்சாட்டு. டர்டில் டோர், மூடுபனிக்கு மேலே தலைகாட்டும் கார்ஃப் கோட்டை, ஓல்ட் ஹாரி வெண்பாறைகள், ஷாஃப்ட்ஸ்பரியின் கோல்ட் ஹில் தெரு, போர்ட்லாண்ட் கலங்கரை விளக்கம், உச்சியில் பைன் மரங்கள் குடுமிபோல் நிற்கும் கோல்மர்ஸ் குன்று ஆகிய ஆறையும் மாற்றி மாற்றிப் போட்டே டோர்செட்டுக்கு ஆண்டுதோறும் காலண்டர் தயாரித்துவிடலாம். குற்றச்சாட்டு உண்மைதான். ஆனாலும் அதைப் பெரிய குறையாக என்னால் கருத முடியவில்லை. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதுதான் இந்தக் கலையின் பலம் என்றே சொல்வேன். போன இடத்தில் கேமரா எதை அழிக்கிறது என்பதில்தான் எனக்கு வழக்கு.

பார்க்க வேண்டிய இடம் இது, நிற்க வேண்டிய இடம் அது என்று முன்கூட்டியே தீர்மானிக்கும் பழக்கம் கேமராவுக்கு மூத்தது. 1816-ல் தேனிலவுக்காக ஆஸ்மிங்டனில் தங்கிய ஓவியர் கான்ஸ்டபிள், பக்கத்தில் இருந்த வேமத் விரிகுடாவை வரைந்தார். காகிதத்தில் நெகட்டிவ் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்த ஃபாக்ஸ் டால்பட் 1800-ல் பிறந்தது டோர்செட்டின் மெல்பரியில். ஆனால் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது பக்கத்துக் கவுண்டியான வில்ட்ஷையர். டோர்செட் புகைப்படத்துக்கு அடித்தளம் போட்டவர் என்று நான் சொல்லத் துணிவது ஹெர்மன் லீயை. தாமஸ் ஹார்டியின் நாவல்களில் வரும் கற்பனைப் பெயர்களுக்குரிய உண்மையான இடங்களைத் தேடி அலைந்து, நாவலாசிரியரின் ஒத்துழைப்போடு படம் எடுத்து, 1913-ல் ஹார்டியின் கதைநிலமான வெசெக்ஸ் பற்றிய நூலாகக் கொண்டுவந்தவர் அவர். எந்த மேடு, எந்தப் பாலம், எந்த மாளிகை படத்துக்கு உரியது என்பதை அங்கே கதை முடிவு செய்தது. அன்று நாவல் செய்ததை இன்று காலண்டரும் இன்ஸ்டாகிராமும் செய்கின்றன. மக்கள் ஏற்கெனவே மனத்தில் வைத்திருக்கும் படத்தைத் தேடிப் போவது அன்றும் இன்றும் ஒன்றுதான்.

இதன் கேலிக்குரிய எல்லை கோல்ட் ஹில். கற்கள் பதித்த அந்தச் சரிவுத் தெருவில் ஒரு சிறுவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறும் ரொட்டி விளம்பரத்தை 1973-ல் ரிட்லி ஸ்காட் எடுத்தார். பழைய இங்கிலாந்து என்று ஒன்றைக் காட்டுவதற்காகச் செட் போட்டதுபோல் அந்தத் தெரு பயன்பட்டது. இன்று அங்கே எடுக்கப்படும் படங்களில் பெரும்பாலானவை அந்த விளம்பரத்தின் நகல்கள். இல்லாத பழமையைக் காட்டிய படத்தைப் பார்த்து, அந்தப் படத்தைப் படம் எடுக்கிறோம்.

சரி, பலத்துக்கு வருவோம். டோர்செட்டின் கடற்கரை நிலையாக நிற்கும் பொருள் இல்லை. கிழக்கு டெவனில் தொடங்கி டோர்செட்டின் ஸ்டட்லாண்ட் வரை சுமார் 150 கிலோமீட்டர் நீளும் ஜுராசிக் கரையை 2001-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததற்குக் காரணமே, அது இடைவிடாமல் உடைந்து தன் வயிற்றிலிருக்கும் அடுக்குகளைக் காட்டிக்கொண்டே இருப்பதுதான். 2014 ஜனவரிப் புயலில் போர்ட்லாண்டின் பாம் பாம் பாறை ஒரேயடியாகக் காணாமல் போனது. 2021 ஏப்ரலில் சீட்டவுன் பக்கம் சுமார் 4,000 டன் பாறை சரிந்து கரையை மறித்தது. கிம்மரிட்ஜ் விரிகுடாவின் மேட்டில் 1830-ல் கட்டப்பட்ட கிளாவெல் கோபுரத்தை, அடியிலிருக்கும் பாறை அரிக்கப்பட்டதால், லேண்ட்மார்க் அறக்கட்டளை கல் கல்லாகப் பிரித்து, 25 மீட்டர் உள்ளே தள்ளி, 2008-ல் மறுபடி நிறுத்தியது. கோபுரத்தின் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கடல் எவ்வளவு தூரம் வென்றிருக்கிறது என்று புரியும்.

இத்தகைய கரையில், ஆயிரம் பேர் ஒரே இடத்தில் நின்று ஒரே திசையில் எடுத்த படங்கள் சலிப்பூட்டும் குவியல் மட்டும் இல்லை, ஓர் அளவுகோலும்கூட. யாரும் திட்டமிடாமலே தொகுக்கப்பட்ட கண்காணிப்பு ஆவணம் அது. இதையே திட்டமிட்டுச் செய்யும் முயற்சிகளும் உண்டு: ஆஸ்திரேலியாவில் தொடங்கிய கோஸ்ட்ஸ்னாப் திட்டத்தில், கரையோரம் ஒரு தாங்கியைப் பொருத்திவிடுகிறார்கள், போகிறவர் வருகிறவர் எல்லாம் அதில் கைப்பேசியை வைத்து ஒரே கோணத்தில் எடுத்து அனுப்புகிறார்கள். கடற்கரை எவ்வளவு குறுகியது, எவ்வளவு மணல் சேர்ந்தது என்று ஆய்வாளர்கள் அதிலிருந்து கணிக்கிறார்கள். ‘வேறு கோணம் தேடு, புதிதாகப் பார்’ என்று பயிற்சிப் பட்டறைகளில் சொல்லித்தருகிறார்களே, அந்த அறிவுரையைக் கேட்டு ஆளுக்கொரு மூலையில் படுத்துக்கொண்டு எடுத்திருந்தால் இந்தப் பயன் கிடைத்திருக்காது.

ஆனால் அளவுகோலாக இருப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. படத்தில் இருப்பது அன்று அங்கே இருந்திருக்க வேண்டும். இங்கேதான் பிசகுகிறது. வானத்தை மாற்றுவது இப்போது மென்பொருளில் ஒரு சொடுக்கு வேலை. வளைவுக்கு மேலே எழும் பால்வெளி மண்டலத்தை ஒரு நேரத்திலும் பாறையை அந்தி வெளிச்சத்தில் வேறொரு நேரத்திலும் எடுத்து ஒட்டுவது சகஜம். 2012-ல் இங்கிலாந்தின் புகழ்பெற்ற நிலக்காட்சிப் புகைப்படப் போட்டியில் முதற்பரிசு பெற்ற, நார்தம்பர்லாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் கரையில் கவிழ்ந்து கிடக்கும் படகுகளைக் காட்டிய படம், விதிகளை மீறித் திருத்தப்பட்டது என்று தெரிந்ததும் பரிசு பறிக்கப்பட்டது. ஒட்டுவேலை கலையாகாது என்று நான் வாதிடவில்லை. ஆனால் கவுண்டியின் பெயரையும் இடத்தின் பெயரையும் கீழே அச்சிட்டு விற்கும்போது, அது ஒரு வாக்குமூலமாகவும் ஆகிவிடுகிறது.

ஒட்டுவேலையைவிட நுட்பமான அழிப்பு ஒன்று இருக்கிறது. அதை யாரும் குற்றமாகவே எண்ணுவதில்லை. லென்ஸின் முன்னே கறுப்புக் கண்ணாடி ஃபில்டரைப் பொருத்தி, ஷட்டரை அரை நிமிடமோ இரண்டு நிமிடமோ திறந்து வைப்பது. அலைகள் எல்லாம் கரைந்து கடல் பால்போலப் படிந்துவிடும். பார்க்க அமைதியாக இருக்கும். ஆனால் டர்டில் டோரைக் குடைந்தது எது? செங்குத்தாக நிமிர்ந்து நிற்கும் அந்தக் கடினமான சுண்ணாம்புக்கல் அடுக்கில் துளை போட்டது கடல். கல்லை மோதி, விரிசலில் புகுந்து, ஒவ்வொரு குளிர்காலத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்ற அலை. ஒருநாள் வளைவை முழுவதுமாக வீழ்த்தப் போவதும் அதே அலைதான். நீண்ட நேர ஒளிப்பதிவு, அலை செய்த செயலைத் துடைத்துவிட்டு, செய்யப்பட்ட பொருளை மட்டும் வைக்கிறது. விளைவு இருக்கிறது, காரணம் இல்லை. இதே உத்தியைப் போர்ட்லாண்டின் புல்பிட் பாறையில் பயன்படுத்தும்போது இன்னும் வேடிக்கை. செவ்வானத்தின் முன் தனித்து நிற்கும் அந்தப் பாறைத் தூணை இயற்கையின் சிற்பம் என்று நம்பி எடுக்கிறார்கள். அது 1870-களில் கல்குவாரிக்காரர்கள் ஓர் இயற்கை வளைவை வெட்டி எடுத்தபின் விட்டுச்சென்ற மிச்சம்.

நம் பொருளிலக்கணத்தை அளவாக வைத்துப் பார்த்தால் இந்தக் கலையின் சாய்வு பளிச்சென்று தெரிகிறது. முதற்பொருளில், அதாவது நிலத்திலும் பொழுதிலும், இவர்களை மிஞ்ச ஆளில்லை. வைகறைக்கும் எற்பாட்டுக்கும் இவ்வளவு உண்மையாகக் காத்திருப்பவர்களை வேறு கலையில் காண்பது அரிது. கூதிர், முன்பனி, பின்பனி என்று பெரும்பொழுதையும் பிரித்து அறிந்தவர்கள். ஆனால் கருப்பொருளில் பாதியைத் தள்ளிவிடுகிறார்கள். மரம் உண்டு, பூ உண்டு. தொழில் இல்லை, உணவு இல்லை, மக்கள் இல்லை. அங்கே யார், எதற்காக வாழ்கிறார்கள் என்ற பேச்சே இல்லை.

கிம்மரிட்ஜுக்கே திரும்புவோம். கோபுரம் நிற்கும் அதே விரிகுடாவின் எதிர்ப்பக்கத்து மேட்டில் ஓர் எண்ணெய்க் கிணறு இருக்கிறது. அதன் இரும்புத் தலை அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஆடி ஆடி எண்ணெயை இறைத்துக்கொண்டிருக்கிறது. கோபுரத்தை எடுப்பவர்கள் அதற்கு முதுகு காட்டி நிற்கிறார்கள். கொஞ்சம் வடக்கே, பர்பெக்கின் புதர்க்காடுகளுக்கும் பூல் துறைமுகத்துக்கும் அடியில் விட்ச் ஃபார்ம் எண்ணெய் வயல் கிடக்கிறது. மேற்கு ஐரோப்பாவின் நிலப்பகுதியில் கண்டெடுக்கப்பட்ட எண்ணெய் வயல்களில் அதுவே பெரியது. துறைமுகத்தின் நடுவிலுள்ள ஃபர்ஸி தீவில் கிணறுகளைப் பைன் மரங்களுக்குள் மறைத்தே அமைத்தார்கள். காட்சி கெடக்கூடாது என்ற நிபந்தனையை எண்ணெய் நிறுவனமும் ஒப்புக்கொண்ட கவுண்டி இது. ஆகவே முழுப் பழியையும் புகைப்படக்காரர்மேல் போடுவது நியாயமாகாது. அவர் மறைப்பதற்கு முன்பே நிலம் பாதி மறைக்கப்பட்டிருக்கிறது.

டைனம் கிராமத்தின் கதையும் அப்படித்தான். 1943 டிசம்பரில் பீரங்கிப் பயிற்சிக்காக மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். போர் முடிந்தும் யாரும் திரும்ப அனுமதிக்கப்படவில்லை. கூரையிழந்த கல்வீடுகளை இன்று அழகான சிதிலமாக எடுக்கிறோம். பக்கத்திலிருக்கும் வொர்பாரோ விரிகுடாவில் கேரவன்களோ விடுதிகளோ இல்லாமல் ‘தீண்டப்படாத’ காட்சி கிடைப்பதற்குக் காரணம் இராணுவத்தின் முள்வேலி. டர்டில் டோருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வளைவுக்கு நேர் மேலே பெரிய கேரவன் பூங்கா இருக்கிறது. ஆனாலும் அதைப் பார்த்த ஞாபகம் எந்தக் காலண்டரிலும் எனக்கு இல்லை.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் உறுத்துவது போர்ட்லாண்ட் தீவின் மேடு. அங்கிருந்து வடமேற்கே பார்த்தால் 29 கிலோமீட்டர் நீளத்துக்கு வளைந்து போகும் செசில் கூழாங்கல் கரை தெரியும். இங்கிலாந்தின் ஆகச்சிறந்த காட்சிகளுள் அது ஒன்று. அதில் எனக்குச் சந்தேகமில்லை. 2023 ஜூலையிலிருந்து 2025 ஜனவரி வரை, அதே தீவின் மறுபக்கத்துத் துறைமுகத்தில் பிபி ஸ்டாக்ஹோம் என்ற மிதவை விடுதி நின்றது. தஞ்சம் கேட்டு வந்த சுமார் 500 ஆண்களை வைத்திருக்க அரசு அமர்த்திய மிதவை அது. செய்திப் புகைப்படக்காரர்கள் அதை எடுத்தார்கள். நிலக்காட்சிக்காரர்கள் செசிலை எடுத்தார்கள். ஒரே தீவு, ஒரே மாதங்கள், ஒன்றையொன்று அறியாத இரண்டு படத்தொகுப்புகள். நூறு ஆண்டு கழித்து நிலக்காட்சித் தொகுப்பை மட்டும் பார்ப்பவருக்கு 2023-ல் டோர்செட்டில் நல்ல சூரிய உதயங்கள் இருந்தன என்ற செய்தி மட்டும் கிடைக்கும்.

வேறு விதமாகவும் செய்திருக்கிறார்கள். 1930-களில் ஸ்வானேஜில் தங்கி டோர்செட்டுக்கு ஷெல் வழிகாட்டி நூல் எழுதிய ஓவியர் பால் நாஷ், சின்ன கோடக் கேமராவில் எடுத்த படங்களுள் ஒன்று, ஸ்வானேஜ் அருகே வெறும் வயலில் எங்கும் போகாமல் நிற்கும் படிக்கட்டைக் காட்டுவது. மார்ட்டின் பார் 1997-ல் வெஸ்ட் பே என்ற சிற்றூரை, அதன் புகழ்பெற்ற பொன்னிறச் செங்குத்துப் பாறைக்காக இல்லாமல், அங்கே விற்கும் தின்பண்டங்களுக்காகவும் கரையில் கிடக்கும் உடம்புகளுக்காகவும் எடுத்தார். பாரின் படங்களில் ஏளனத்தின் நெடி எனக்கு எப்போதும் அடிக்கும். ஆட்களைக் கொண்டுவந்தார், அன்பைக் கொண்டுவரவில்லை. அந்த அன்புக்குப் பக்கத்துக் கவுண்டிக்குத்தான் போக வேண்டும். வட டெவனில் ஜேம்ஸ் ராவிலியஸ் 1972-லிருந்து பதினேழு ஆண்டுகள் சில கிராமங்களையே சுற்றிச் சுற்றி எடுத்து, பீஃபோர்டு ஆவணகத்துக்கு 70,000-க்கும் மேற்பட்ட கறுப்பு வெள்ளை நெகட்டிவ்களைச் சேர்த்தார். அவரும் விடியலையும் மூடுபனியையும் விரும்பியவர்தான். ஆனால் அவர் மூடுபனிக்குள் ஒரு விவசாயி ஆட்டைத் தூக்கிக்கொண்டு போவார்.

ராவிலியஸுக்கு அந்த வேலைக்காக ஊதியம் தர ஒரு கலை மையம் இருந்தது. டோர்செட்டில் இன்று தனியாகத் தொழில் நடத்தும் புகைப்படக்காரருக்கு வருவாய் காலண்டர், வாழ்த்து அட்டை, சுவரில் மாட்டும் பிரிண்ட், வார இறுதிப் பயிற்சிப் பட்டறை ஆகியவற்றிலிருந்து வருகிறது. விடுதி அறையில் மாட்டுவதற்கு மிதவை விடுதியின் படத்தை யாரும் வாங்கப் போவதில்லை. இதைச் சொல்லாமல் அவரைத் திட்டுவது எளிய விமர்சனம்.

ஆனால் காசு எதிர்பாராமல் எடுக்கும் பெருங்கூட்டத்துக்கு இந்தச் சாக்கு பொருந்தாது. அவர்கள் கண்முன்னே ஒரு மாற்று இருக்கிறது. 2005-ல் தொடங்கிய ஜியோகிராஃப் திட்டம் பிரிட்டனையும் அயர்லாந்தையும் ஒரு சதுர கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் அதன் இயல்பைக் காட்டும் படம் கேட்கிறது. அழகுக்கு அங்கே சலுகை இல்லை. சாக்கடை மூடியும் பேருந்து நிழற்குடையும் சமமாக ஏற்கப்படும். பெரும்பாலான படங்கள் தட்டையானவை, நடுப்பகல் வெளிச்சத்தில் அசிரத்தையாக எடுத்தவை என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதனால்தான் வைகறைக்குக் காத்திருக்கும் கண்ணும் கையும் அந்தத் தொகுப்புக்குத் தேவை. டர்டில் டோரில் ஒளி துளைக்குள் நுழைவது சில நிமிடம்தான். அதை எடுத்து முடித்தபின், திரும்பி ஏறும் வழியில் கேரவன் பூங்காவில் அதே ஒளி விழும்போது இன்னொரு படம் எடுத்து, இரண்டின் கீழும் தேதியை எழுதிவைக்க எந்தப் பதிப்பாளரின் அனுமதியும் வேண்டாம்.