சாவித் துவாரத்தை அடைத்தால் போதுமா?

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையின்போது, திண்டுக்கல்லை அடுத்த தாடிக்கொம்பு வரை இரண்டு புதுச் சொற்கள் வந்து சேர்ந்தன. சர்க்கரையும் கொழுப்பும் பார்க்கவே ரத்தம் கொடுத்துப் பழகியவர்கள், “சி.ஆர்.பி. எவ்வளவு? ஐ.எல்.6 பார்த்தாச்சா?” என்று விசாரித்துக்கொண்டார்கள். வாட்ஸ்அப்பில் வந்த ஆய்வுத்தாளில் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக்குறி இருந்தால், அன்றிரவு வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. அழற்சிப் புரதத்தின் அளவைக் கொண்டு நுரையீரலை எடைபோடும் இந்த வழக்கம் எந்த அளவுக்குச் சரி?

கிருமி நுழைந்ததும், காற்றுப்பைகளில் காவலிருக்கும் விழுங்கணுக்கள் இன்டர்லூகின்-6 (ஐ.எல்.6) முதலான புரதங்களைச் சுரந்து ஆள் கூப்பிடுகின்றன. வெள்ளணுக்கள் திரள்கின்றன. நுண்குழாய்களின் சுவர் தளர்ந்து, காற்று நிற்க வேண்டிய இடத்தில் நீர் கசிந்து தேங்குகிறது, ஆக்சிஜன் இறங்குகிறது. அதே ஐ.எல்.6 கல்லீரலைத் தூண்டி சி.ஆர்.பி. என்ற இன்னொரு புரதத்தைச் சுரக்க வைக்கிறது.

ஐ.எல்.6-இன் வேலையைத் தடுக்கும் டோசிலிசுமாப் என்ற மருந்தைப் பூட்டு செய்யும் திண்டுக்கல்லில் விளக்குவது எளிது. ஐ.எல்.6 சாவி, செல்லின் மேலுள்ள ஏற்பி பூட்டு. டோசிலிசுமாப் சாவியைத் தொடுவதில்லை, சாவித் துவாரத்தை அடைக்கிறது. பிரிட்டனின் ரெகவரி ஆய்வில், ஆக்சிஜன் குறைந்து, சி.ஆர்.பி.யும் லிட்டருக்கு 75 மில்லிகிராமை எட்டிய 4,116 பேரிடம் இதைச் சோதித்தார்கள். 28 நாளில் இறப்பு நூற்றுக்கு 35 என்பதிலிருந்து 31 ஆனது. யாருக்கு மருந்து என்று தேர்ந்தெடுக்க எண் உதவியது. அது இந்த வழக்கத்தின் பலம்.

ஆனால் அங்கே எண்ணோடு ஆக்சிஜன் குறைவும் சேர்ந்து நின்றது. இந்தியாவில் 12 மருத்துவமனைகளில் 180 பேரிடம் நடந்த ஆய்வு, இம்மருந்தை வழக்கமாகக் கொடுப்பதற்கு ஆதாரம் தரவில்லை. சி.ஆர்.பி. பல்லில் சீழ் பிடித்தாலும் ஏறும். அழற்சி உண்டு என்று சொல்லும், எங்கே என்று சொல்லாது. துவாரத்தை அடைத்த பிறகு நிலைமை இன்னும் சிக்கல்: புகமுடியாத சாவிகள் ரத்தத்தில் குவிந்து ஐ.எல்.6 அளவு ஏறுகிறது. புதிதாகக் கிருமி தொற்றினாலும் சி.ஆர்.பி. தாழ்ந்தே கிடக்கலாம். அழற்சியை அடக்கத் தந்த ஸ்டீராய்டும் ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களுக்கே உயிர் காத்தது. தேவையில்லாதவர்கள் விழுங்கியபோது சர்க்கரை ஏறியது, கருப்புப் பூஞ்சைக்கு வழி திறந்தது.

இன்னொரு பழைய பாடமும் உண்டு. 2000-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குச் செயற்கைச் சுவாசக் கருவி ஒவ்வொரு மூச்சிலும் தள்ளும் காற்றைக் கணிக்கப்பட்ட உடல் எடையில் கிலோவுக்கு 12 மில்லிலிட்டரிலிருந்து 6 ஆகக் குறைத்தார்கள். இறப்பு நூற்றுக்கு 40-லிருந்து 31 ஆனது, ஐ.எல்.6 அளவும் கூடுதலாக இறங்கியது. புரதத்துக்கு எதிராக எந்த மருந்தும் தரவில்லை. நுரையீரலை நோகாமல் நடத்தியதே வேலை செய்தது.

ஆகவே எண்ணை ஒதுக்க வேண்டாம்; வரிசையில் பின்னால் நிறுத்தினால் போதும். விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் 94-க்குக் கீழே காட்டுகிறதா, மூச்சு வாங்குகிறதா? ஆய்வுத்தாள் வரட்டும் என்று உட்கார்ந்திராமல் திண்டுக்கல் மருத்துவமனைக்கு வண்டியை எடுக்க வேண்டும். சி.ஆர்.பி.யை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.