காமன் கூத்தும் தன்னை மறத்தலும்

வேடம் பூண்டவன் தன்னை எவ்வளவு மறத்தல் வேண்டும் என்பது கலையுலகின் பழைய வினாக்களுள் ஒன்று. சிறந்த நடிகன் தன்னுள்ளம் குளிர்ந்திருந்தே பிறருள்ளத்தை உருக்குகின்றான் என்பது பிரெஞ்சு அறிஞர் தீதரோவின் கொள்கை; அவர்தம் நூல் அவர் மறைந்த பின்னர் 1830இல் வெளிவந்தது. பாத்திரத்தின் உணர்ச்சியை நடிகன் தானே உணர்ந்து வாழ்தல் வேண்டும் என்றார், உருசிய நாட்டு ஸ்தானிஸ்லாவ்ஸ்கி (1863–1938). இவ்விரண்டிற்கும் இடமளிப்பது மலையகத்துக் காமன் கூத்து.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்தினின்று மலையேறிய தொழிலாளர் தம்முடன் கொணர்ந்த கலை இது. நுவரெலியாவை அடுத்த கந்தப்பளை முதலாய தோட்டப் பகுதிகளில், மாசிமாதக் கடுங்குளிரில், தப்பொலி முழங்க இரவெல்லாம் நிகழ்வது. ஆடுவோர் தொழில்முறைக் கூத்தர் அல்லர். பகலில் மலையில் உழைப்போரே இரவில் மதனும் இரதியும் ஆகின்றனர். இரதியாகவும் ஆடவரே ஆடுவது மரபு. ஏற்ற வேடத்திற்காக அவர்கள் விரதமும் காக்கின்றனர்.

இக்கூத்தில் வீரபத்திரனையும் இரதியையும் ஒப்பிட்டு நோக்குக. வீரபத்திரன் வருங்கால் ஆவேசம் பொங்குகின்றது. ஆடுவோன் தன்னை இழப்பினும் குற்றமில்லை. அவனைப் பற்றிக்கொள்ளப் பல கைகள் உள. இரதியின் நிலை வேறு. கணவன் எரிந்தபின் அவள் புலம்புங்கால், கூடியிருக்கும் பெண்கள் தாம் இழந்தோரை நினைந்து கண்ணீர் சொரிகின்றனர். அப்போது இரதியாக ஆடுவோன் தானும் விம்மி நாத்தடுமாறினால் பாட்டு அறும். பாட்டு அறுந்தால் அப்பெண்களின் துயருக்குப் பற்றுக்கோடு இல்லை. அவன் அழுகையினுள் நிற்றல் வேண்டும். ஆயினும் தப்பின் அடியைச் செவி விடலாகாது.

ஆகவே, அருள் வந்தாடுவதே கூத்தின் உச்சம் எனக் கொள்வார் இரதியின் அருமையை உணராதார். விரதமும் விடியுமளவும் விழித்திருக்கும் ஊரும் வேண்டா, மேடையில் அரைமணி நேரம் ஆடிக் காட்டினால் போதும் என்பாரும் வீரபத்திரனை இழப்பர். எவ்வளவு ஆழம் தகும் என்பதை ஆடுவோனின் உள்ளம் மட்டும் முடிவு செய்வதில்லை. உடனிருப்போர் தாங்கும் அளவே அதன் எல்லை.

இவ்வினா அரங்கிற்கு மட்டும் உரியதன்று. 1974இல் அமெரிக்காவில் வெளியான ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் விளையாட்டில், சிலர் மேசையைச் சுற்றி அமர்ந்து, தாம் படைத்த வீரராகவே பேசிக் கதையை நடத்துகின்றனர். அங்கு விரதமில்லை, தப்பில்லை, பற்றி நிறுத்த ஊருமில்லை. தன் பாத்திரத்திற்கு உண்மையாயிருத்தலே அறம் என்று ஒருவன் தோழர் யாவரையும் புண்படுத்தின், அதனை ஆழம் என்பது பொருந்தாது. காவல் குறைந்தவிடத்து ஆடுவோனே தனக்குக் காவலாதல் வேண்டும்.

எரிந்த மன்மதன் இரதியின் கண்ணுக்கு மட்டும் புலனாகுமாறு மீண்டும் எழுந்தான் என்பது புராணம். அவனாக ஆடியவனோ ஊரார் அனைவரும் காண மீளுதல் வேண்டும். கூத்து முடிந்தபின் வேடம் கலைத்து, தன் லயத்திற்குத் திரும்பி, மறுபடியும் மலைக்கு வேலைக்குச் செல்ல வேண்டியவன் அவன். அம்மீட்சிக்கும் வழிசெய்திருப்பதே இக்கூத்தின் சிறப்பு.